நெட்வொர்க் கார்டு ஹேங் ஆகும்போது உண்மையில் நின்றுபோவது எது?

லினக்ஸ் சர்வர் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று எஸ்எஸ்ஹெச் பதில் தருவதில்லை, பிங் போவதில்லை. மானிட்டரை மாட்டிப் பார்த்தால் மெஷின் உயிரோடுதான் இருக்கிறது. கீபோர்டு வேலை செய்கிறது, டிஸ்க் ஓடுகிறது, நெட்வொர்க் மட்டும் செத்துக் கிடக்கிறது. இன்டர்ஃபேஸை ஒருமுறை டவுன் செய்து அப் செய்தால் சரியாகிவிடுகிறது. சில மணி நேரம் கழித்து மறுபடியும் அதே கதை. இதில் குழப்பம் என்னவென்றால், அதே கார்டும் அதே டிரைவரும் ஒரே கோர் (பிராசசரின் கணக்கிடும் பகுதி) உள்ள பழைய மெஷினில் வருடக்கணக்கில் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியிருக்கும்.

"கார்டு ஹேங் ஆகிவிட்டது" என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எது நின்றது என்று பிரித்துப் பார்க்காமல் ரீபூட் பட்டனைத் தொட்டால், கிடைத்த ஒரே சாட்சியத்தையும் நாமே அழித்துவிடுகிறோம்.

முதலாவது, டிரைவர் அனுப்பும் வரிசை நின்றுபோவது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதும் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் "நெட்டெவ் வாட்ச்டாக்: ஈத்0: டிரான்ஸ்மிட் கியூ 0 டைம்டு அவுட்" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அனுப்பும் வரிசை நிறுத்தப்பட்டு, அதில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு பாக்கெட்டும் நகரவில்லை என்றால் கெர்னலின் காவல் டைமரான வாட்ச்டாக் இதை எழுதும். டிரைவர் தனியாக எதுவும் சொல்லாவிட்டால் அந்த நேரம் 5 விநாடி. இரண்டாவது, ஒரு கோரே மாட்டிக்கொள்வது. "சாஃப்ட் லாக்கப், சிபியு 1 ஸ்டக் ஃபார் 22 செகண்ட்ஸ்" என்று வரும். கெர்னல் உள்ளே ஏதோ ஒரு வேலை 20 விநாடிக்கு மேல் கோரை விட்டுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். 'என்னைக் கவனி' என்று கருவிகள் கோருக்கு அனுப்பும் இன்டரப்ட்டையும் அடைத்து வைத்துக்கொண்டு மாட்டினால் அது ஹார்ட் லாக்கப்; அதைக் கண்டுபிடிக்க என்எம்ஐ என்ற, அடைக்க முடியாத இன்டரப்ட்டைக் கெர்னல் பயன்படுத்துகிறது. மூன்றாவதில் கோர்கள் நன்றாகவே இருக்கும், ஆனால் இன்டர்ஃபேஸ்களைக் காட்டும், மாற்றும் 'ஐபி லிங்க்' என்று தட்டினால் அந்தக் கட்டளையே திரும்பி வராது, கில் செய்தாலும் சாகாது. இரண்டு நிமிடம் கழித்து "டாஸ்க் பிளாக்டு ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்" என்று லாகில் விழும். நான்காவது, கார்டின் சில்லே, அல்லது அதற்கும் மதர்போர்டுக்கும் இடையிலான இணைப்பே தூங்கிவிடுவது. இதில் டிரைவர்மேல் தவறு இல்லாமலும் இருக்கலாம்.

சரி, கோர்கள் அதிகமானால் ஏன் சிக்கல் வருகிறது?

ஒரே கோர் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கும். டிரைவர் எழுதுபவர் பயப்பட வேண்டியது இன்டரப்ட் ஒன்றுக்குத்தான். அதை ஒரு நொடி அடைத்துவிட்டால் போதும், அவர் வைத்ததுதான் சட்டம். 1996இல் வந்த லினக்ஸ் 2.0தான் ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர்களை முதலில் ஆதரித்தது. அப்போது கெர்னல் முழுவதையும் ஒரே ஒரு பெரிய பூட்டு காத்தது. ஒரு கோர் கெர்னலுக்குள் இருந்தால் இன்னொன்று வாசலில் நிற்க வேண்டும். பாதுகாப்பானதுதான், ஆனால் மெதுவானது. அப்புறம் அந்தப் பெரிய பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, ஒவ்வொரு தரவுக்கும் தனித்தனியாகச் சிறிய பூட்டுகள் போட்டார்கள். பெரிய பூட்டு முழுதாக நீக்கப்பட்டது 2011இல் வந்த 2.6.39 பதிப்பில்தான். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான டிரைவர் வரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, 'இங்கே வேறொரு கோர் நுழைந்தால் என்ன ஆகும்' என்று மனிதர்கள் கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. எங்காவது அந்தக் கேள்வியைக் கேட்க மறந்திருந்தால், அதுதான் உங்கள் சர்வர் இரவில் நின்றுபோவதற்குக் காரணம்.

இந்தத் தவறு எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்க்க ஒரு பழைய கார்டு நல்ல பாடம். என்இ2000 வகைக் கார்டுகளில் இருந்த 8390 சில்லுக்குப் பதிவேடுகள் (டிரைவர் படித்து எழுதும் சிறு நினைவிடங்கள்) பக்கம் பக்கமாக இருக்கும். ஒரே முகவரி, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு பொருள் தரும். 7ஆம் முகவரியைப் பக்கம் 0 திறந்திருக்கும்போது படித்தால் இன்டரப்ட்டின் நிலை தெரியும். அதே 7ஆம் முகவரி, பக்கம் 1 திறந்திருந்தால், அடுத்து வரும் பாக்கெட் கார்டின் நினைவகத்தில் எங்கே உட்காரும் என்ற எண்ணைத் தரும். இப்போது ஒரு கோர் மல்டிகாஸ்ட் பட்டியலை எழுத பக்கம் 1க்குத் திருப்புகிறது. அதே நேரத்தில் இன்னொரு கோரில் இன்டரப்ட் வருகிறது. அது பக்கம் 0 தான் திறந்திருக்கிறது என்று நம்பி 7ஆம் முகவரியைப் படிக்கிறது. கிடைப்பது நினைவக எண். அதை இன்டரப்ட் நிலை என்று நினைத்துக்கொண்டு வராத பாக்கெட்டைத் தேடப் போகிறது. அப்புறம் கார்டுக்கும் டிரைவருக்கும் பேச்சுவார்த்தையே முறிந்துபோகும். லினக்ஸ் டிரைவரில் இதற்கென்றே பக்கத்துக்கு ஒரு பூட்டு உண்டு; அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இன்றைய கார்டுகளில் பக்கம் திருப்பும் சிக்கல் இல்லை. பதிலாக வளையம் இருக்கிறது. அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளின் குறிப்புகளை டிரைவர் ஒரு வட்ட வரிசையில் வைக்கும். கார்டு ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும். அனுப்பி முடித்ததும் ஒரு இன்டரப்ட் கொடுக்கும். டிரைவர் வந்து முடிந்த இடங்களைச் சுத்தம் செய்யும். வளையத்தில் 256 இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் நிறைந்துவிட்டால், 'இனி அனுப்பாதே' என்று டிரைவர் வரிசையை நிறுத்தும். சுத்தம் செய்யும் பகுதி இடம் காலியானதும் வரிசையை எழுப்பிவிடும். எளிமையான ஏற்பாடு.

இப்போது இரண்டு கோர்களை விடுங்கள். கோர் 0 கடைசிப் பாக்கெட்டை வைத்துவிட்டுப் பார்க்கிறது: இடம் இல்லை, நிறுத்த வேண்டும். நிறுத்தும் கொடியை இன்னும் ஏற்றவில்லை. அந்த இடைவெளியில் கோர் 1இல் சுத்தம் செய்யும் வேலை ஓடி, 256 இடங்களையும் காலி செய்கிறது. முடித்ததும் கேட்கிறது: வரிசை நின்றிருக்கிறதா? இல்லை. அப்படியென்றால் எழுப்ப வேண்டியதில்லை என்று போய்விடுகிறது. இப்போதுதான் கோர் 0 கொடியை ஏற்றுகிறது. வரிசை நின்றது. வளையமோ காலி. கார்டிடம் அனுப்ப ஒன்றும் இல்லை, ஆகவே 'அனுப்பி முடித்தேன்' என்ற இன்டரப்ட் இனி வரவே வராது. இன்டரப்ட் வராததால் எழுப்பவும் ஆள் வராது. கார்டு நன்றாக இருக்கிறது, கோர்கள் நன்றாக இருக்கின்றன, பூட்டு எதுவும் மாட்டவில்லை. ஆனாலும் நெட்வொர்க் நின்றுவிட்டது. 5 விநாடி கழித்து வாட்ச்டாக் குரைக்கும்.

இன்றைய பெரும்பாலான டிரைவர்களில் சுத்தம் செய்வது நாப்பி என்ற முறையில், சாஃப்ட் ஐஆர்கியூவில் (இன்டரப்ட்டைக் கையாண்டபின் கெர்னல் தள்ளிவைத்துச் செய்யும் வேலையில்) நடக்கிறது. ஒரே கோரில் அதுவும் அனுப்பும் வேலையும் ஒன்றின் நடுவே ஒன்று புகாது. அதனால்தான் ஒரு கோர் மெஷினில் இந்தக் கோளாறு தலைகாட்டுவதே இல்லை. இதைச் சரிசெய்யும் வழி சிறியது: கொடியை ஏற்றியபின் ஒருமுறை மறுபடி இடம் இருக்கிறதா என்று பார், இருந்தால் நீயே எழுப்பிவிடு. அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு மெமரி பேரியர் ('வரிசையை மாற்றாதே' என்று பிராசசருக்குச் சொல்லும் தடை) வேண்டும். நினைவகத்தில் ஒன்றை எழுதுவதற்குப் பின்னால் வரும் வாசிப்பை பிராசசர் முந்திச் செய்துவிடலாம். கட்டுப்பாடு அதிகம் உள்ள எக்ஸ்86 பிராசசருக்கே இந்த உரிமை உண்டு. அப்படி நடந்தால் மறுபடி பார்த்ததற்கே பலன் இருக்காது. பேரியர் இல்லாமல் விட்டு, பல மாதம் கழித்து ஒற்றை வரித் திருத்தமாகச் சேர்த்த டிரைவர்கள் உண்டு.

அடுத்தது பூட்டுச் சிக்கல். டிரைவர் தன் தரவைக் காக்க ஸ்பின்லாக் எடுக்கிறது. ஸ்பின்லாக் என்றால் கிடைக்கும்வரை கோர் அங்கேயே சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும், தூங்காது. ஒரு கோர் இந்தப் பூட்டை எடுத்துக்கொண்டு வேலை செய்யும்போது, இன்டரப்ட்டை அடைக்க மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே கோரில் கார்டின் இன்டரப்ட் வருகிறது. கையாளும் பகுதியும் அதே பூட்டைக் கேட்கிறது. பூட்டை வைத்திருப்பவர் இன்டரப்ட் முடிந்தால்தான் நகர முடியும். இன்டரப்ட்டோ பூட்டு கிடைத்தால்தான் முடியும். அந்தக் கோர் அதோடு சரி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: இன்டரப்ட் வேறு கோருக்குப் போயிருந்தால் அது கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போயிருக்கும், ஒன்றும் ஆகாது. அதே கோரில் விழுந்தால்தான் மரணம். கோர்கள் அதிகமாக ஆக, இப்படி விழும் வாய்ப்பு குறைகிறது. ஆகவே 'எப்போதாவது ஒருமுறை' என்ற வடிவத்தில் வருகிறது. ஒரே பிராசசருக்கென்று தொகுத்த கெர்னலில் ஸ்பின்லாக் என்பது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாததாக மாறிவிடும். அங்கே இந்தத் தவறு பூட்டாக வெளிப்படவே செய்யாது.

'ஐபி லிங்க்' திரும்பி வராத மூன்றாம் வகைக்குக் காரணம் பெரும்பாலும் ஆர்டிஎன்எல் என்ற பொதுப் பூட்டு. நெட்வொர்க் அமைப்பை மாற்றும் பெரும்பாலான கட்டளைகள் அதை எடுத்துத்தான் வேலை செய்யும். கார்டை மூடும் பகுதி இந்தப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'ரீசெட் வேலை முடியட்டும்' என்று காத்திருக்கும். ரீசெட் வேலையோ அதே ஆர்டிஎன்எல் கிடைக்கட்டும் என்று காத்திருக்கும். கார்டு நின்றது, ரீசெட் தொடங்கியது, நீங்கள் அவசரப்பட்டு டவுன் கொடுத்தீர்கள். டிரைவரில் இந்த ஓட்டை இருந்தால் அந்த மூன்றும் சேரும்போது மாட்டிக்கொள்ளும்.

இப்போது மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், நெட்வொர்க் நின்றிருக்கிறது. இன்டர்ஃபேஸைத் தொடாதீர்கள். முதலில் டிமெசேஜை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். அப்புறம் ப்ராக் அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பை ஒருமுறை, பத்து விநாடி விட்டு இன்னொருமுறை நகல் எடுங்கள். அதில் கோர் ஒன்றுக்கு ஒரு நிரல் இருக்கும்; உங்கள் கார்டின் வரியில் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். பிங் விட்டுக்கொண்டிருந்தும் எந்த நிரலிலும் ஒன்றுகூட ஏறவில்லை என்றால் இன்டரப்ட் தொலைந்துவிட்டது, அல்லது நான் மேலே சொன்ன வரிசைக் கதை. பத்து விநாடியில் லட்சக்கணக்கில் ஏறினால் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், டிரைவர் அதைக் கவனிக்கவில்லை. இந்த இரண்டாவது நிலை முற்றினால் "நோபடி கேர்டு" என்று ஒரு செய்தி வரும். ஒரு லட்சம் இன்டரப்ட்டுகளில் 99,900க்கு மேல் யாரும் ஏற்கவில்லை என்றால் கெர்னல் அந்த ஐஆர்கியூவையே, அதாவது அந்த இன்டரப்ட் லைனையே, அணைத்துவிடும். அதே லைனைப் பகிர்ந்துகொள்ளும் வேறு கருவியின் குற்றத்துக்கு உங்கள் நெட்வொர்க் கார்டு தண்டனை அனுபவிப்பதும் உண்டு. அந்த வரியின் கடைசியில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையில் பெரிய எஸ் கொடுத்தால் கார்டின் எண்ணிக்கைகள் வரும். பெயர்கள் டிரைவருக்கு டிரைவர் மாறும். பாஸ் ஃபிரேம் என்ற பெயரில் இருப்பதை முதலில் பாருங்கள். எதிர்முனையில் உள்ள சுவிட்ச் கோளாறாகி 'நிறுத்து, நிறுத்து' என்று ஓயாமல் சொன்னால், உங்கள் கார்டு கீழ்ப்படிந்து நின்றுவிடும், வாட்ச்டாக் குரைக்கும், டிரைவர் நிரபராதி.

சாஃப்ட் லாக்கப் என்றால் லாகில் உள்ள ஸ்டாக் டிரேஸை (எந்தெந்தச் செயல்பாடுகள் வழியாக வந்து கோர் இங்கே நிற்கிறது என்ற பட்டியலை) வாசிக்கப் பழக வேண்டும். இங்கே தொடக்கக்காரர்கள் இரண்டு இடத்தில் தடுமாறுகிறார்கள். நெட்டெவ் வாட்ச்டாக் செய்தியோடு ஒரு டிரேஸ் வந்தால், அது வாட்ச்டாக் டைமர் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டது. குற்றவாளி அதில் இல்லை. சாஃப்ட் லாக்கப் டிரேஸ் உண்மையிலேயே மாட்டிய கோருடையது. ஆனால் அந்தக் கோர் பூட்டுக்காகக் காத்திருப்பவராக இருக்கலாம். பூட்டை வைத்திருப்பவர் வேறு கோரில் இருப்பார். அதனால் எல்லாக் கோர்களின் டிரேஸும் வேண்டும். ஆல்ட், சிஸ்ஆர்கியூ (பிரிண்ட் ஸ்க்ரீன் விசை) இரண்டையும் பிடித்துக்கொண்டு எல் எழுத்தை அழுத்தினால், அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கோர்கள் எல்லாம் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எழுதும். எல்லுக்குப் பதில் டபிள்யூ கொடுத்தால் தடைபட்டு நிற்கும் டாஸ்க்குகள் வரும். ஆர்டிஎன்எல் சிக்கலுக்கு அதுதான் மருந்து. பல டிஸ்ட்ரோக்களில் சிஸ்ஆர்கியூ பாதிதான் திறந்திருக்கும். கோளாறு வருவதற்கு முன்பே கெர்னல்.சிஸ்ஆர்கியூ அமைப்பை 1 ஆக்கி வைத்துவிடுங்கள்.

மெஷின் முழுதாக உறைந்துவிட்டால் லாக் டிஸ்கில் எழுதப்படாமலே போகும். சீரியல் கன்சோல் இருந்தால் அதுவே மிகச் சிறந்தது. நெட்கன்சோல் என்ற வசதி கெர்னல் செய்திகளை யுடிபியில் வேறு மெஷினுக்கு அனுப்பும், நல்ல கருவிதான். ஆனால் சந்தேகத்துக்குரிய அதே கார்டு வழியாக அனுப்பச் சொன்னால் அது என்ன செய்யும்? வேறு சில்லு உள்ள இரண்டாவது கார்டு ஒன்றைப் போட்டு அதன் வழியாக அனுப்புங்கள்.

சாட்சியம் கையில் வந்தபின் சோதனைகள். எனக்கு மிகவும் பிடித்தது மேக்ஸ்சிபியூஸ்=1 என்று பூட் செய்வது. கெர்னல் அதேதான், ஸ்பின்லாக்குகள் உயிரோடு இருக்கும், கோர் மட்டும் ஒன்று. இப்போது கோளாறு மறைந்தால், இரண்டு கோர்கள் ஒன்றை ஒன்று முந்தும் வகை என்று சந்தேகிக்கலாம். மறையாமல், இன்னும் சீக்கிரமாக வந்தால், இன்டரப்ட் தன் கோரிலேயே பூட்டைக் கேட்கும் வகையோ, சில்லின் கோளாறோதான். நோஎஸ்எம்பி என்ற பாராமீட்டரும் இருக்கிறது, ஆனால் அது இன்டரப்ட்டுகளைக் கோர்களுக்குப் பிரித்தனுப்பும் ஐஓ-ஏபிக்கையும் சேர்த்து அணைத்துவிடும். இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறினால் எது காரணம் என்று எப்படிச் சொல்வது? ஆகவே அதைத் தவிர்க்கிறேன்.

இன்னொரு சோதனையை ரீபூட் இல்லாமலே செய்யலாம். இன்டரப்ட்டுகளைக் கோர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் ஐஆர்கியூபேலன்ஸ் சேவையை நிறுத்திவிட்டு, கார்டின் இன்டரப்ட்டை எஸ்எம்பி அஃபினிட்டி கோப்பு வழியாக ஒரே கோரில் கட்டிப் போடுங்கள். பாக்கெட் அனுப்பும் புரோகிராமை டாஸ்க்செட் மூலம் அதே கோரில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் வேறு கோரில் ஓட்டிப் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை வந்த கோளாறு பத்து நிமிடத்தில் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எந்த அமைப்பில் வேகமாக வருகிறது என்பதே எந்த வகை என்று காட்டிக்கொடுக்கும்.

பிசிஐ=நோஎம்எஸ்ஐ கொடுத்து எம்எஸ்ஐ இன்டரப்ட்டை அணைத்துப் பார்ப்பதும் பலன் தரும். எம்எஸ்ஐ என்பது ஒருமுறை அனுப்பும் செய்தி. தவறவிட்டால் மறுபடி வராது. பழைய லைன் இன்டரப்ட், யாராவது கவனிக்கும்வரை கையை உயர்த்திக்கொண்டே நிற்கும். அதனால் எம்எஸ்ஐயை அணைத்ததும் கோளாறு போனால், டிரைவர் எங்கோ இன்டரப்ட்டைத் திறந்தபின் வளையத்தை மறுபடி பார்க்கத் தவறுகிறது என்று யூகிக்கலாம். நான்காம் வகையைச் சந்தேகித்தால், கார்டின் இணைப்புக்கான மின்சேமிப்பு நிலையைச் (ஏஎஸ்பிஎம்) சோதிக்க பிசிஐஇ ஏஎஸ்பிஎம்=ஆஃப் என்று பூட் செய்து பாருங்கள். இன்டெலின் 82574எல் சில்லு இந்த மின்சேமிப்பு நிலையோடு ஒத்துப்போகாதது நன்கு அறியப்பட்டது. கெர்னலில் அதற்காகவே தனி ஏற்பாடு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நேரத்தைச் சார்ந்த கோளாறை எந்த மாற்றமும் மறைத்துவிடக் கூடும். லாக் எழுதும் ஒரு வரியைச் சேர்த்தாலே போதும், இரண்டு கோர்களின் நடை மாறி, அந்த மோதல் நடக்காமல் போகலாம். 'இதைப் போட்டேன், போய்விட்டது' என்பது தீர்வு ஆகாது. முன்பு சராசரியாக எத்தனை மணி நேரத்தில் வந்ததோ அதைப்போலப் பல மடங்கு நேரம் ஓட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

பூட்டு வகை என்று உறுதியாகத் தோன்றினால் லாக்டெப் இருக்கிறது. 2006இல், 2.6.18 பதிப்பில் இங்கோ மோல்னார் கொண்டுவந்தது. கெர்னலைத் தொகுக்கும்போது ப்ரூவ் லாக்கிங் என்ற தேர்வை இயக்கினால் போதும். எந்தப் பூட்டு எந்தச் சூழலில், எதற்குப் பின் எடுக்கப்படுகிறது என்று அது குறித்துக்கொண்டே வரும். இன்டரப்ட்டில் எடுக்கப்படும் பூட்டை வேறொரு இடத்தில் இன்டரப்ட்டை அடைக்காமல் எடுத்தால் உடனே சொல்லிவிடும். மரணப்பூட்டு உண்மையில் நடக்க வேண்டும் என்றுகூட இல்லை. நடக்கக்கூடிய இரண்டு பாதைகளையும் தனித்தனியாக ஒருமுறை பார்த்தாலே போதும். மெஷின் மெதுவாகும், ஆகவே சோதனை மெஷினில் ஓட்டுங்கள். வாரக்கணக்கில் காத்திருந்து பிடிக்க வேண்டியதை பூட் ஆன சில நிமிடங்களில் அது காட்டும்போது வரும் நிம்மதி பெரிது.

காரணத்தின் உருவம் தெரிந்தபின், புதிய கெர்னலில் இதே டிரைவரை ஓட்டிப் பாருங்கள். உற்பத்தியாளர் தனியாகத் தரும் டிரைவரைப் போட்டிருந்தால், கெர்னலோடு வருவதற்கு மாறிப் பாருங்கள். பழைய பதிப்பில் நன்றாக இருந்து புதியதில் கெட்டிருந்தால் கிட் பைசெக்ட் (மாற்றங்களைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடுவது) செய்யலாம்; நடுவில் ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்து முறை தொகுத்துச் சோதித்தால் குற்றவாளி மாற்றம் தனியாக வந்து நிற்கும். கோளாறைச் சீக்கிரம் வரவழைக்கும் வழியை முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தால்தான் இது நடக்கும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டிவரும். டிரைவரைப் பராமரிப்பவருக்கு எழுதும்போது அந்த மாற்றத்தின் எண், ஈத்டூல் சின்ன ஐ தரும் டிரைவர், ஃபர்ம்வேர் பதிப்புகள், பத்து விநாடி இடைவெளியில் எடுத்த இரண்டு இன்டரப்ட்ஸ் நகல்கள், எல்லாக் கோர்களின் டிரேஸ், மேக்ஸ்சிபியூஸ்=1இல் என்ன ஆயிற்று என்ற ஒரு வரி ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். அவர் முதலில் தேடுவது அந்தக் கடைசி வரியாகத்தான் இருக்கும்.